பெல்ட் எந்த மோட்டாரில்?

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய சுவாமிநாதன் ஐயா அவர்களே, தறியைச் சற்றே நிறுத்திவிட்டு வந்திருக்கும் பள்ளிபாளையத்துப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, காவிரிக்கரைத் தெருவின் கண்மணிகளே! கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த அறிவுச்செல்வியின் நன்றி கலந்த வணக்கம்.

வெள்ளத்தை முன்கூட்டியே சொன்ன விஞ்ஞானி என்று என்னை அழைத்தார் தலைவர். ஐயா, அன்பு மிகுந்தால் அளவு தெரியாது! உண்மையை உடைத்தே சொல்கிறேன். மேட்டூரில் மதகு திறந்தால் உங்கள் தெருவில் எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்று கல்லூரிக் கணினியில் கணக்குப் போட்டேன். கணக்கு சரி. விடை சரி. வேளை சரியா? இல்லையே! போன வருடம் ஒன்பது மணி நேரம் கணக்கு ஓடி, காலை பத்து மணிக்கு விடை வந்தது. ஏழு மணிக்கே உங்கள் தெரு ரஞ்சிதாவின் வீட்டுக்குள் காவிரி வந்துவிட்டாள்.

தறி ஓட்டும் அந்த ரஞ்சிதா, மகளின் நனைந்த புத்தகப் பையோடு கல்லூரிக்கே வந்தார். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கணக்கு சரிதானுங்க மேடம். தண்ணி உங்களுக்காக நிக்கலீங்களே."

வெட்கத்தில் குறுகிப்போனேன்.

தேடினேன். லினக்ஸ் கணினியில் லட்சக்கணக்கான எண்களைப் பெருக்கிக் கூட்டுவதற்கென்றே ஒரு நிரல் தொகுப்பு உண்டு. எங்களிடம் இருந்தது பழையது, ஒற்றை ஆளாக உழைப்பது. கணினிக்குள் கோர் என்று பல மூளைகள் உண்டு; அவை எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து வேலை வாங்கும் ஓப்பன்பிளாஸ் என்ற தொகுப்பை நிறுவினேன். அப்பாடா என்று ஓடவிட்டேன். எவ்வளவு நேரம்? அதே ஒன்பது மணி நேரம்! சிரிக்கிறீர்களா, சிரியுங்கள். அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த வெள்ளத்துக்கு எச்சரிக்கை அனுப்பத் தெருக்காரர்களின் செல்போன் எண்களைக் கொடுக்க அந்த வாரம் வந்த ரஞ்சிதாவிடம் புலம்பித் தீர்த்தேன். நிதானமாகக் கேட்டார்.

"புது மோட்டார் வாங்கி வெச்சீங்க, சரிங்க. பெல்ட்டு எந்த மோட்டார்ல மாட்டியிருக்குதுங்க?"

புது மோட்டார் சும்மா நிற்க, பெல்ட் பழையதிலேயே ஓடிய கூத்து அவருடைய தறிப்பட்டறையில் ஒரு பகல் முழுக்க நடந்ததாம். ஓடிப்போய்க் கணினியைப் பார்த்தேன். புதிய தொகுப்பு சும்மா உட்கார்ந்திருக்க, என் நிரல் பழைய தொகுப்பையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரே கட்டளையில் இணைப்பை மாற்றினேன். நாற்பதே நிமிடம்!

இந்த ஆடியில் மதகு திறந்த மதியமே விடை வந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டியவர் யார்? ரஞ்சிதா. முதியவர்களைக் கைபிடித்து மேட்டுக்கு ஏற்றியவர் யார்? ரஞ்சிதா! மறுநாள் விடியலில் தண்ணீர் வந்தபோது முப்பத்திரண்டு வீடுகளில் ஒன்றிலும் ஆள் இல்லை. போன வருடம் இதே மண்டபத்தில் ஈரப் பாயில் கிடந்தீர்கள். இன்று இங்கேயே உட்கார்ந்து கைதட்டுகிறீர்கள். எனக்குக் கண் நிறைந்துபோகிறது.

அந்தத் தொகுப்பை எழுதி, கூலி கேட்காமல் உலகத்துக்கே கொடுத்த முகமறியா நல்லவர்களுக்கு நன்றி. ஒருமுறை பிந்தியவளை மறுபடியும் நம்பிய இந்தத் தெருவுக்கு நன்றி. நீங்கள் போர்த்திய பொன்னாடை மட்டும் என் தோளில் தங்க மறுக்கிறது. ரஞ்சிதா, மேடைக்கு வாருங்கள். என்ன, தலையை ஆட்டுகிறார்? வரமாட்டாராம், கூச்சமாம்.

இருக்கட்டும் ரஞ்சிதா, நீங்க இருந்த எடத்துலயே இருங்க. பொன்னாடையோட நானே எறங்கி வாரேன். சபையோருக்கு என் வணக்கம்!