இரைச்சல் இல்லாத பதிவு

வீட்டிலேயே கிடார் வாசித்துப் பதிவு செய்ய அதிகச் சாமான் தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒலியை அதற்குள் அனுப்ப ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி, ஒரு மைக், காதை நன்றாக மூடும் ஹெட்போன், அவ்வளவுதான். மைக் விஷயத்தில்தான் பலரும் அவசரப்பட்டுவிடுகிறார்கள். நான் ஆறு மாதம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். முதலிலிருந்து சொல் என்றீர்கள் மேடம். எனக்கு முதல் இதுதான்.

தேர்வாய் கண்டிகையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் கிடார். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் அண்ணன் ஜெயராஜ் வீட்டில் இருந்தேன். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். இரும்பு வார்க்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் மணல் தூசியை இழுத்து நுரையீரல் போய்விட்டது. போன வருடத்திலிருந்து அவருக்குக் கட்டிலும் ஆக்ஸிஜன் மிஷினும்தான். அந்த மிஷின் இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். சில விநாடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று பெருமூச்சு விடும்.

அண்ணி சுகிர்தா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறார். காலை ஆறுக்குப் போனால் இரண்டரைக்கு வருவார். எனக்கு மதிய ஷிஃப்ட். அதனால் காலையில் அண்ணனைப் பார்த்துக்கொண்டது நான்தான். இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டுவேன், மாத்திரை கொடுப்பேன், தலை வாரிவிடுவேன். என் கவனிப்பில் அண்ணிகூட ஒரு குறை சொன்னதில்லை. இதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மைக் வாங்க சென்னைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டார், "ஊட்டுல சத்தம் கித்தம் இருக்குமா சார்? இருந்தா டைனமிக் மைக்கு எடுத்துக்கினு போங்க, கிட்ட இருக்கறத மட்டும்தான் இழுக்கும். கன்டென்ஸர் பக்கத்து ரூம்ல இருமுனாக்கூட இழுத்துரும்."

அமைதியான வீடு என்று சொல்லி கன்டென்ஸரையே வாங்கி வந்தேன். தரத்தில் நான் இறங்கிப்போவதில்லை.

முதல் பதிவிலேயே மிஷின் சத்தம் விழுந்தது. எங்கள் வீட்டில் நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. ஜன்னலில் போர்வை கட்டிப் பார்த்தேன், பலனில்லை. கிறிஸ்துமஸுக்கு அண்ணி பாடிய பாட்டையும் எடுத்தேன், அதிலும் அதே உறுமல். "இத்த எடுத்துர முடியாதா பீட்டரு?" என்று கேட்டார். எடுத்தால் குரலும் கெட்டுப்போகும் அண்ணி என்றேன். அது உண்மைதான்.

என் கிடாரில் ஒயர் சொருகும் துளை இருக்கிறதே, மைக்கே இல்லாமல் நேராகப் பெட்டியில் இணைத்திருக்கலாமே என்று உங்கள் ஏட்டு கேட்டார். நியாயமான கேள்வி. அப்படியும் எடுக்கலாம், ஒரு இரைச்சலும் விழாது. ஆனால் அதில் கம்பி மட்டும்தான் கேட்கும், மரம் கேட்காது. வாசிப்பு உயிரில்லாமல் இருக்கும்.

ஆகவே அண்ணனிடமே கேட்டேன். "அண்ணா, ஒரு மூணு நிமிஷம் மிஷின ஆஃப் பண்ணிக்கட்டுமா?"

"பண்ணிக்க நைனா," என்று சிரித்தார். "நான் தம் கட்டிக்கினு கேக்குறேன். நல்லா வாசி."

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கும் மானியில் தொண்ணூற்று நான்கு இருந்தது. மூன்று நிமிடத்தில் எண்பத்தெட்டு. மிஷினைப் போட்டதும் ஏறிவிட்டது. அடுத்த வாரம் நான்கு நிமிடம், எண்பத்து மூன்று. அதுவும் ஏறியது. எந்தப் பொருளுக்கும் கொஞ்சம் கூடக்குறைய தாங்கும் அளவு உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பிறகு அவரைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் பதில் பேச வேண்டும், பேசினால் அவருக்கு இரைக்கும்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோ, வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பும் கிடார்காரர்களைத் தேடியது. ஆறு நிமிட மாதிரி கேட்டார்கள், வெள்ளிக்கிழமை கடைசி நாள். கிடைத்தால் வாஷரை விட்டுவிடலாம். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மிஷினை நிறுத்தினேன், அறைக்கதவைச் சாத்தினேன், வாசித்தேன். முடித்து வந்து மிஷினைப் போட்டேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த நுரையீரலோடு இத்தனை நாள் இருந்ததே பெரிது என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை என்றுதான் சொல்வேன்.

அடக்க ஆராதனையில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். நேரில் வாசித்தால் அந்தத் தரம் வராது. அதனால் அந்தப் பதிவையே ஸ்பீக்கரில் போட்டேன். சபையே அழுதது. பாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். மூன்று நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் கஞ்சி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது எங்க எடுத்தது பீட்டரு?"

"இங்கதான் அண்ணி, என் ரூம்ல."

"எப்ப?"

"போன வாரம்."

"அப்ப மிஷினு சத்தம் எங்க?"

கம்ப்யூட்டரிலேயே எடுத்துவிட்டேன் என்றேன்.

"என் பாட்டுல மட்டும் எடுக்க முடியாதுன்ன?"

நான் கஞ்சியைக் குடித்தேன். அவர் அழவில்லை, கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். என்னை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார். பொறுமையாகக் கேட்டிருந்தால் உங்களிடம் சொன்னதை அவரிடமும் சொல்லியிருப்பேன்.

அன்றைய தேதியில் என் கம்ப்யூட்டரில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன என்கிறீர்கள். ஒன்று பதினொன்று இரண்டுக்குத் தொடங்கியது, மற்றது பதினொன்று ஒன்பதுக்கு. சரிதான். முதல் முறை மூன்றாவது நிமிடத்தில் அண்ணன் கூப்பிட்டார். "பீட்டரு" என்று ஒரு தடவை, "டேய், மிஷினு" என்று ஒரு தடவை. கட்டிலில் தட்டவும் செய்தார். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாசிப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் நிறுத்தாமல் முடித்தேன். குரல் விழுந்துவிட்ட பதிவை ஸ்டுடியோவுக்கு அனுப்ப முடியாது. அதனால் மிஷினைப் போடாமல், எழுந்திருக்காமல், அப்படியே மறுபடி வாசித்தேன். சபையில் போட்டது அந்த இரண்டாவதைத்தான்.

அதில் அவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை மேடம். அதனால் மூச்சு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.