இடுக்கியின் இரு முனைகள்

அந்த ஆபரேஷன் நடந்த அன்று பாலக்கரையில் கரண்ட் போகவே இல்லை. அதன்மேல் பழி போட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள், சார்.

தங்கையன் என்னிடம் வேலை பழகிய டாக்டர். 1962-ல் சீமையிலிருந்து திரும்பியபோது ரத்தக்குழாயைக் கரண்டால் சுட்டு அடைக்கும் பைபோலார் இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்தான். அருமையான சாமான், மறுக்க மாட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய மின்பேனாவில் கரண்ட் நோயாளியின் உடம்புக்குள் ஓடி, தொடைக்கடியில் வைத்த தகட்டின் வழியாக வெளியேறும். தகடு சரியாக ஒட்டாவிட்டால் தோல் வெந்துவிடும். இடுக்கிக்குத் தகடே வேண்டாம். இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்த ரத்தக்குழாய் மட்டும் சுருங்கும். ஈரத்திலும் வேலை செய்யும், பக்கத்து நரம்புக்குச் சூடு அவ்வளவாகத் தாவாது.

ஸ்ரீரங்கத்துப் பெரிய குடும்பங்கள்கூட என் அறையைத் தாண்டி அவனிடம் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

துறையூர் வீராயிக்கு முதுகுத்தண்டில் கட்டி. கம்பு ஊன்றித்தான் என்றாலும் நடந்தே வந்தாள்.

"நடவுக்குப் போயிடலாங்களா, டாக்டரய்யா?"

"தாராளமா போகலாம்மா," என்றான் தங்கையன்.

ஆபரேஷனுக்கு முன் சாமான்களைக் கொதிக்கப் போடும்போது பெரிய டாக்டர் ஒருமுறை பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றும் பார்த்தேன். இடுக்கியின் தண்டுகள் நடுவிலேயே ஒன்றையொன்று தொடும்படி லேசாக வளைத்துவிட்டேன். அப்படித் தொட்டால் கரண்ட் அங்கேயே திரும்பிவிடும், முனைக்குப் போகாது.

ஆபரேஷன் நடுவில் ரத்தம் நிற்கவில்லை. "கரண்ட் வரலையா? யாராவது பாருங்க!" என்று தங்கையன் கத்தினான். நான் எதிரேதான் நின்றேன். பழைய பேனாவை நீட்டி, "இத வச்சு முடிப்பா" என்றேன். வேறு வழியில்லாமல் வாங்கினான். தண்டுவடத்தில் சூடு இறங்கியது. வீராயிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது.

தங்கையன் கத்தியைத் தொடப் பயந்து ஊரைவிட்டே போய்விட்டான். இடுக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் பழைய பேனாதான். தோல் வெந்தவர்கள் உண்டு, கை கால் விழுந்தவர்களும் உண்டு. ஆபரேஷன் என்றால் அப்படித்தான் என்று வீட்டாரிடம் சொல்வேன். நம்பினார்கள்.

வீராயி இப்போது மன்னார்புரத்தில் அண்ணன் வீட்டில் கிடக்கிறாள். படுக்கைப்புண் எலும்புவரை போய்விட்டது, இனி ஆறாது. நானே போய்க் கட்டுப் போட்டுவிடுகிறேன். "அன்னிக்கு நீங்க கத்தி எடுத்திருந்தா நான் நடந்திருப்பேங்க, சாமி," என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு மிஞ்சியிருப்பது என்மேல் உள்ள அந்த நம்பிக்கைதான். அதையும் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.