இடது பொத்தான்

இரவு இரண்டே கால். பழைய தொழிற்பேட்டைக்குள் போகும் சாலை. இருபுறமும் பூட்டிய ஷட்டர்கள்... எரிகிற விளக்கு ஒன்றுகூட இல்லை. அதில் ஒரு பெண் ஸ்கூட்டரில் தனியாகப் போகிறாள். தோளில் ஒலிப்பதிவுக் கருவி.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். கரண்ட் வரும்வரை வேறு வேலையும் இல்லை.

இது என்னோடு வெல்டிங் அடிக்கும் கூட்டாளியின் தங்கைக்கு நடந்தது. பிறந்ததிலிருந்து எதையாவது தட்டிக்கொண்டே இருந்ததால் வீட்டில் அவளை இரைச்சல் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் மருந்துக் கிடங்கில் பெட்டி ஒட்டுவாள். இரவில் டீஜே. பிறர் பாட்டைப் போடுவதோடு நிற்கமாட்டாள். கம்ப்யூட்டரில் சொந்தமாகவும் செய்வாள்.

அன்று அவள் போனது, அவள் அம்மா அடிபட்ட இடத்துக்கு.

பதினோரு வருஷத்துக்கு முன் அது தகடு அடிக்கும் பட்டறை. அம்மா நைட் ஷிஃப்ட்டில் பிரஸ் மெஷினில் நின்றவள். இடது கைக்கு ஒரு பொத்தான், வலது கைக்கு ஒரு பொத்தான்... இரண்டையும் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே சிக்கக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஓர் இரவு, அடித்த தகட்டை எடுக்கக் கை உள்ளே போனபோது மெஷின் இறங்கியது. விடிவதற்குள் உயிர் போய்விட்டது. சீக்கிரம் முடிக்கும் ஆசையில் இடது பொத்தானை அமுங்கியே இருக்கும்படி துணியால் கட்டிப்போட்டிருந்தாள், தப்பு அவளுடையதுதான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். அண்ணனும் தங்கையும் அந்த எழுத்தைச் சுமந்தே வளர்ந்தார்கள்.

இப்போது முதலாளியின் மகன் அதை நடன மண்டபமாக மாற்றிவிட்டான். திறப்பு விழாவுக்கு டீஜே இவள். யார் பெற்ற பிள்ளை என்று அவனுக்குத் தெரியாது.

தொழில் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் இரைச்சல் ஒன்று சொல்வாள்: "சத்தத்தக் குறைச்சு வச்சுக் கேளு. அப்பவும் கால் ஆடுச்சுன்னாதான் அது பாட்டு." அடி விழும் நொடியில் மற்ற சத்தமெல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்பாள். ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டாம். அதை ஒரு நிமிடம் பதிவு செய்து பாட்டுக்கு அடியில் மெல்லிசாக விரித்தால் பாட்டுக்கு உடம்பு வருமாம். அதற்குத்தான் அந்த நேரத்தில் போனாள். பகலில் அங்கே டிரில் சத்தம் ஓயாது.

விழா வேலைக்காக மகன் கொடுத்திருந்த சாவியால் திறந்தாள். உள்ளே புது பெயின்ட் வாசம். அதற்கு அடியில்... கருகிய மெஷின் ஆயில். மெஷின் நின்ற இடத்தில், டார்ச் வெளிச்சத்தில், அறுத்துவிட்ட நான்கு போல்ட்டுகள் தரையில் மினுங்கின. நடுவில் கருவியை வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். கருவியில் சத்தத்தைக் காட்டும் முள் அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த மௌனத்தைப் பாட்டுக்கு அடியில் போட்டாள். அடி விழுந்தது. எல்லாம் ஒதுங்கியது. ஒன்று மட்டும் ஒதுங்கவில்லை.

மற்றதையெல்லாம் அணைத்தாள்.

இடது காதில் டக். வலது காதில் டக். நடுவில்... தம்.

திரும்பவும் டக், டக், தம். மூன்றாவது தடவை டக், டக், தம்... கொஞ்சம் இடைவெளி... தம். அதற்கு முன்னால் பொத்தான் சத்தம் எதுவும் இல்லை. அதோடு பதிவு முடிந்தது.

அண்ணனை எழுப்பினாள். அவன் பிரஸ்ஸில் ஒரு வருஷம் நின்றவன். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தானாம். அழித்துவிடு என்றான்.

"அம்மா இடது கைக்காரி. இடது கைதான் முந்தும். கேட்டல்ல? கட்டியிருந்தா இடது டக் வந்திருக்காது. பொத்தான அவ கட்டலண்ணா. மெஷின் தானா இறங்கியிருக்கு."

"யாரு நம்புவா?"

"நம்ப வேணாம். கேட்டாப் போதும்."

திறப்பு விழா. மெஷின் நின்ற அதே இடத்தில் டீஜே மேடை. முன் வரிசையில் பழைய முதலாளி, கைத்தடியோடு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு மட்டும்தான், உன் சொந்தச் சரக்கெல்லாம் வேண்டாம் என்று மகன் மூன்று தடவை சொல்லியிருந்தான். நாற்பது நிமிடம் சொன்னபடி கேட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்தி, இதைப் போட்டாள்.

டக். டக். தம். கூட்டம் அதற்கும் ஆடியது. இருநூறு பேர். பெரியவர் மட்டும் எழுந்து நின்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டே தொந்தி வளர்த்தவர், தெரியாதா? நிறுத்தச் சொல்லிக் கைத்தடியை ஆட்டினார். அவரைப் பார்த்துக்கொண்டே சத்தத்தை இன்னும் ஏற்றினாள்.

மகன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான்.

இருட்டு. ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஆட்டம் நின்றது.

டக்... டக்... தம்.

இப்போது தரையிலிருந்து வந்தது. குதிகாலில் ஏறியது. கருகிய ஆயில் வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது. அவள் மைக் இல்லாமல் சொன்னாள்:

"ரெண்டு பொத்தானும் கேட்டுச்சா? இது எங்கம்மா கை. இனி வர்றது மெஷின்."

...

தம்.

மேலே தொங்கிய விளக்குகள் இருட்டில் கலகலத்தன. கரண்ட் வந்தபோது பெரியவர் நாற்காலியில் இல்லை, தரையில் இருந்தார். அடி எதுவும் படவில்லை. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் வெளியே போனாள்.

பாட்டை இன்னும் எல்லா ஊரிலும் போடுகிறாள். மிரட்டல் வந்தால் இரண்டு தடவை போடுகிறாள். ஆனால் கூட்டாளி எனக்குப் போட்டுக் காட்டியபோது கடைசித் தம் அதில் இல்லை. டக், டக், தம்... அவ்வளவுதான். யாரும் அதை வெட்டவில்லை என்று சத்தியம் செய்கிறான்.

அது எங்கே போனது என்று பெரியவர் வீட்டு டிரைவர் சொன்னான். இரவு இரண்டே காலுக்கு அவர் கட்டிலுக்கு அடியில் தரை ஒரு தடவை அதிருமாம். கைகளை அதற்கு முன்பே இழுத்துக்கொள்ளலாம் என்று அவரும் விடிய விடிய காது கொடுத்துக் கிடக்கிறாராம்.

முன்னால் டக் டக் வருவதே இல்லை.