இரண்டும் இடது பக்கம்

ஹலோ... அண்ணி? நான்தான்... ஆமா, உங்க கொழுந்தன்தான், டெய்லர்... படுத்திருந்தீங்களா? மன்னிச்சுக்குங்க, உயிர் போற விஷயம்... ஐயோ, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. என் மானம்தான். பேத்தி ஸ்வெட்டர்...

ஆமா... ஆமா, நீங்க பின்னச் சொல்லிக்கொடுத்த அதேதான். முதுகு ஆச்சு, கை ரெண்டும் ஆச்சு. நடுவுல பட்டன் போடற முன்பக்கம், அந்த ரெண்டு பாதியையும் முடிச்சு இப்ப மேஜையில பரப்பிப் பார்க்கறேன்... ரெண்டுமே இடது பக்கம்.

...சிரிங்க. சிரிச்சு முடிங்க, இருக்கேன்.

கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன்! கழுத்துக்கு ரெண்டு கண்ணியை ஒண்ணாச் சேர்த்துச் சேர்த்துக் குறைச்சுக்கிட்டே போவோமே, அந்தச் சரிவு ரெண்டுலயும் ஒரே பக்கம்... எப்படியா? என் கடையில துணியை மடிச்சுப் போட்டு ஒரே வெட்டு வெட்டினா இடதும் வலதும் தானா வந்து விழும். முப்பது வருஷமா அதை என் திறமைன்னு நெனச்சுட்டிருந்தேன். ஊசியில ஒவ்வொண்ணா ஏத்தும்போது வலதை நாமதான் வலதாக்கணும்னு யாருக்குத் தெரியும்?... சொன்னீங்களா? எப்போ?... சொல்லியிருப்பீங்க. அப்ப நான் உங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துட்டு இருந்திருப்பேன்.

இல்ல, இன்னிக்கே வேணும். சின்னவ அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்னா... பெத்த பொண்ணுதான். அவ கல்யாணத் துணியையே சாப்பாட்டுப் பந்தி முடிஞ்சப்புறம் கொண்டுபோய்க் கொடுத்த அப்பன் நான், மறந்துட்டீங்களா? 'பாப்பா ஸ்கூல் போறதுக்குள்ள ஆயிடுமாப்பா?'ன்னு கேட்டா, அண்ணி. சிரிக்காம கேட்டா. அதான் தாங்கலை. இந்த ஒரு தடவையாவது சொன்ன நேரத்துக்கு... சரி, வெச்சுடறேன், அறுபது வரிசை பிரிக்கணும். நூலைப் பிடிச்சுட்டேன்...

என்ன? விடணுமா?... விட்டுட்டேன்.

ஒண்ணை மட்டும் திருப்பிப் போடணுமா? திருப்பினா உள்பக்கம் வெளியே வந்துடுமே! நல்ல பக்கம், கெட்ட பக்கம் பார்க்காம வெட்டின பையனையே நான் வேலையை விட்டு... என்ன கண்ணியா? எல்லா வரிசையும் நேர்க்கண்ணிதான். தலைகீழ்க் கண்ணி எனக்கு வரலைன்னு நீங்கதானே கையெடுத்துக் கும்பிட்டு விட்டுடச் சொன்னீங்க... ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா? இருங்க, போனைத் தோள்ல இடுக்கிக்கறேன்... திருப்பறேன்...

...

அண்ணி. இது வலது.

இல்ல அண்ணி, அழலை, கம்பளித் தூசி... ஆமா ஆமா, தலைகீழ்க் கண்ணி தெரியாததுதான் காப்பாத்திச்சு. தெரிஞ்சிருந்தா இந்நேரம் பிரிச்சுட்டு உக்காந்திருப்பேன்... ஐயோ, காலிங் பெல்! மணி நாலே முக்கால்தானே? யாருக்குப் பொறந்தா இவ, முன்னாடியே வர்றா... வந்துட்டேம்மா!... தோளு சேர்க்கலையே அண்ணி. என்ன சொல்ல?... 'பட்டன்தான் பாக்கி'ன்னா? அவ அந்தக் கடையிலயே வளர்ந்தவ. நான் வாயைத் திறக்கும்போதே அவ சொல்லி முடிச்சுடுவா...

வாம்மா... வா. இல்லம்மா, இன்னும் முடியலை. ரெண்டையும் இடதா பின்னிட்டேன், பெரியம்மா இப்பத்தான் சரிபண்ணினாங்க. தோளு, பக்கம் எல்லாம் சேர்க்கணும். பத்து நிமிஷம்னு சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் ஆகும்...

அண்ணி, இவ செருப்பைக் கழட்டறா... உக்காந்துட்டா. குழந்தையை நீட்டறா, 'ஒரு நிமிஷம் பிடிங்கப்பா, நான் சேர்க்கறேன்'னு... ஏய், என் மடியில ஊசி இருக்கு, ஊசியை எடு முதல்ல! வெச்சுடறேன் அண்ணி, கை ரெண்டும்...