தோல் சுற்றிய இடம்

உட்காரச் சொன்ன நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததற்காகத் தப்பாக நினைக்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். மற்றபடி யாரிடமும் முகம் சுளித்துப் பேசியவன் இல்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கோட்டையில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக வெடிக்கிறார்களே, அந்தப் பழைய பீரங்கிக்குத் திரிக்கோல் செய்பவன் நான். ஆள் உயரக் கழி, அதன் தலையில் இரும்புக் கவை, கவையில் கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரி. பீரங்கியின் முதுகில் ஒரு சிறு துளை உண்டு. காது என்போம். திரியை அதில் வைத்தால் உள்ளே வெடிமருந்து பற்றும். அந்தக் காது வழியாகவும் நெருப்பு மேலே சீறும். வைக்கிறவன் எட்டி நிற்க வேண்டும் என்றுதான் கழிக்கு அந்த நீளம்.

வைக்கிறவர் என் தங்கையின் கணவர். கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டோடு இருந்தார். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. வெடியுப்புத் தண்ணீரில் ஊறவைத்த கயிற்றை நான் பட்டறைக் கொடியில் காயப்போட்டிருப்பேன். அவர் வந்து ஒரு நுனியை இழுத்து வாயில் வைத்துச் சப்புவார்.

"உப்பு நல்லா ஏறியிருக்கு மச்சான்" என்பார். எச்சில் நூலாக இழுத்துக்கொண்டு வரும். கயிற்றை அப்படியே கொடியில் விட்டுவிட்டுப் போவார். அந்த நுனியை நான் குறட்டால் பிடித்து வெட்டி அடுப்பில் போடுவேன்.

"வாயில வெக்க வேண்டாம் மாப்ள. வெயில்ல பாத்தாலே உப்புப் பூத்திருக்கறது தெரியும்" என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

"ஒங்கண்ணன் என்னை அலசிக் காயப்போட்டுத்தான் உள்ள விடுவாரு போல" என்று என் தங்கையிடம் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அப்பா போன பிறகு நானும் அவளும்தான் கயிறு முறுக்கினோம். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டாள். நான் வளர்த்த பெண். ஒரு நாள் அவர் சப்பிய நுனியை அவளிடம் நீட்டி, "நீயும் பாரு" என்றார். அவள் துடைக்கக்கூட இல்லை. அதே நுனியை நாக்கில் வைத்துவிட்டு, "ஆமா, கரிக்குது" என்றாள். நான் கொல்லைப்பக்கம் போய் வாந்தியெடுத்தேன். இவளை இந்த ஆளிடமிருந்து மீட்டாக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். கோபமெல்லாம் இல்லை. அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்திவிடுகிறோமே, அந்த மாதிரி.

உங்கள் ஏட்டு வந்து திரிக்கோலை அளந்து பார்த்து, நீளம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். முழு நீளம் சரிதான். நடுவில் தோல் சுற்றியிருக்கிறதே, அதை அவர் கவனிக்கவில்லை. பிடிக்க வேண்டிய இடம் அது. பழகிய கை பார்த்துப் பிடிக்காது, தோலைத் தேடித்தான் பிடிக்கும். கவைக்குக் கீழே மரம் கருகும்போதெல்லாம் கோலைச் செப்பனிட என்னிடம் கொண்டுவருவார். கருகியதை வெட்டுவேன். கூடவே கொஞ்சம் நல்ல மரத்தையும் வெட்டுவேன். வெட்டிய அளவுக்கு அடியில் ஒரு துண்டுக் கழி சேர்த்து, பூண் போட்டு நீட்டிவிடுவேன். மூலையில் சாத்தினால் அதே உயரம். தோலிலிருந்து திரிக்கு உள்ள தூரம் மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்தது. அவரும் தெரியாமலே ஒவ்வொரு முறையும் பீரங்கியை நெருங்கினார்.

"இப்பல்லாம் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கு மச்சான், வயசாகுதோ" என்று ஒருநாள் கேட்டார்.

"எல்லாருக்கும் ஆகறதுதானே மாப்ள" என்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். திரி வைத்தபோது பீரங்கியின் காதுக்கு நேர் மேலே அவர் முகம் இருந்தது. ஆள் போய்விடுவார் என்று நினைத்தேன், அது தப்புக் கணக்கு. கண் இரண்டும் போயின. கீழுதடு இல்லை. வாய் மூடுவதே இல்லை, நாள் முழுக்க ஒழுகுகிறது.

என் தங்கை அதை முந்தானையால் துடைக்கிறாள். கஞ்சியைத் தன் வாயில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அதே கரண்டியால் ஊட்டுகிறாள். வழிந்ததை வழித்து மறுபடி ஊட்டுகிறாள். முகம் சுளிப்பாள் என்று நான் காத்திருந்தேன். பாட்டு முணுமுணுக்கிறாள்.

இன்று காலை கரண்டியை என் கையில் கொடுத்தாள். "செத்த நேரம் கண்ணசந்துக்கறேண்ணா. நீயும்தானே அவருக்கு இருக்கே, ஊட்டிவிடு" என்றாள். ஊட்டினேன். ஒழுகியது என் விரலில் பட்டது. அவர் என் கையைத் தடவிப் பார்த்து, யாரென்று தெரிந்துகொண்டு சிரித்தார். கையைக் கழுவினேன், திரும்பத் திரும்பக் கழுவினேன். நேராக இங்கே வந்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்தான் என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய். ஜெயிலில் தனி அறை கொடுப்பீர்களா, அதைச் சொல்லுங்கள்.