மூன்றாவது மானிட்டர்

இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்து பழகியவனுக்கு ஒன்று போதாது, ஐயா. மின்விசிறிக்குப் பழகிய உடம்பு மாதிரிதான் அதுவும். எங்கள் வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்டார்கள். வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனியின் மென்பொருள், ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தபடியே பிரவுசரில் திறந்து காட்டும். ஆனால் ஒரு திரையைத்தான் காட்டும். இரண்டையும் காட்டவைக்கும் வேலையை முதலாளி ராஜேந்திரன் என்னிடம் ஒப்படைத்தார். கலையரசன் கை வைத்தால் முடியும் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள்.

நான்கு மாதம் உழைத்தேன். வாடிக்கையாளர்களுக்குக் காட்டிய அன்று, எனக்குக் கீழே சோதனை வேலை பார்த்த திரௌபதி மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, லெப்ட் ஸ்கிரீன் ரைட்ல வருதுங்க."

முதலாளி சிரித்துவிட்டார். "திருவண்ணாமலையில பொறந்துட்டு வலம் எதுன்னு தெரியலையேப்பா. மலைய எதிர்ப்பக்கமா சுத்துறவன் போல நீ."

அன்றிலிருந்து ஆபீசில் என் பெயர் எதிர்வலம். டீ கொண்டுவருபவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதலாளி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கம்பெனி, அவர் சிரிக்கலாம். திரௌபதி தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தன் கண்ணில் பட்டதைச் சரி என்று அவள் அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிழையைத் திருத்தினேன். திருத்தும்போதுதான், இல்லாத மானிட்டர் ஒன்றையும் ஒரு கம்ப்யூட்டரில் சேர்க்க முடியும் என்று தெரிந்தது. மேசையில் இரண்டு இருக்கும். மூன்றாவது, வெளியிலிருந்து இணைந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். அங்கே திறக்கும் மின்னஞ்சல் கடிதம், அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாது.

திரௌபதியின் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்றைச் சேர்த்தேன். முதல் கடிதம் ஒரு வாடிக்கையாளருக்கு, கொஞ்சம் மரியாதைக் குறைவாக. அவள் பெயரில், அவள் இருக்கையிலிருந்து, அவள் உட்கார்ந்திருக்கும்போதே போனது. அவள் எழுதும் ஆங்கிலத்தில் எங்கெங்கே பிழை வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிழைகளோடுதான் எழுதினேன். அனுப்பும்போது அவள் திரையில் மவுஸின் அம்பு மூன்று விநாடி காணாமல் போகும். மவுஸ் பழுது என்று நினைத்தாள். நானே புது மவுஸ் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு என் மேசைக்கு வந்தாள். "நான் அனுப்பலண்ணா. நீங்களாச்சும் நம்புங்க."

"நம்புறேம்மா," என்றேன். "ஆனா உன் சிஸ்டத்துலருந்துதான் போயிருக்கு. சரியா தூங்குறியா?"

அழுதாள். எனக்கும் பாவமாக இருந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிதான் என்ன செய்யும்.

அவளுக்கு அறிவுச்செல்வன் என்ற பையனை நிச்சயம் செய்திருந்தார்கள். ஆறாவது கடிதம் அவனுக்குப் போனது. கல்யாணம் நின்றது. அவளை வேலையை விட்டு அனுப்ப மனமில்லாமல், அவள் அம்மா ஆராயியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளின் கையையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் ஒன்று அனுப்பினேன்.

"எம்பொண்ணு கை மடியிலதாங்க இருந்துச்சி," என்று ஆபீஸ் நடுவில் நின்று சொன்னார். "எதையுமே தொடலைங்க. என் கண்ணால பாத்தேன்."

கம்பெனியில் உண்மையைக் கண்டவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "கொஞ்சம் கண் அசந்திருப்பீங்கம்மா," என்றேன். அவர் மகளைப் பார்த்தார். பிறகு, "இருக்கும்ங்க. அசந்துட்டேன் போல" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் திரௌபதி வந்தாள். "நாந்தாண்ணா அனுப்பியிருக்கேன். எனக்கே தெரியாம அனுப்பறேன்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டீர்கள், சொல்கிறேன்: அதற்குப் பிறகும் பதினொன்று அனுப்பினேன். எல்லாவற்றையும் நான்தான் அனுப்பினேன். அதற்குமேல் தேவைப்படவில்லை, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவள்மீது எனக்கு இன்றுவரை வெறுப்பில்லை. வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டால்தான் சாப்பிடுவாள் என்று நர்சுகளே சொன்னார்கள்.

அவளுடைய கம்ப்யூட்டரை வேறொருவருக்குக் கொடுத்தபோது, இரண்டு மானிட்டர் உள்ள மேசையில் மூன்று பதிவாகியிருந்ததை முதலாளி கண்டுபிடித்து, புகாரோடு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார். நேற்று அந்தப் பதிவை நீங்கள் அவளிடம் காட்டினீர்களாம். "இல்லைங்க, அண்ணன் அப்படிப் பண்ண மாட்டாரு. நாந்தான்" என்றாளாம்.

என் வாக்குமூலம் உள்ள இந்தக் காகிதத்தைக் காட்டினாலும் நம்பமாட்டாள், ஐயா. ஒரு தடவை அவளை என் எதிரில் உட்காரவையுங்கள். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள். என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.