மெதுவான பகுதி, ஒரே பதிவில்

உங்கள் காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. மூலையில் உறுமும் அந்த ஃப்ரிட்ஜை மட்டும் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் நல்லது. நான் சொல்வது உங்கள் கருவியில் தெளிவாக விழ வேண்டும். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை.

மத்தேயாஷ் கோபெட்ஸ்கி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வெட்கப்பட வேண்டாம், அவர் உயிரோடு இருந்தபோதே அதிகம் பேர் கேள்விப்படவில்லை. மொராவியாவில் ஒரு பிரபுவின் மாளிகையில் பசூன் வாசித்தவர். பசூன் என்பது ஆளுயர மரக்குழல். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தவர் முனகுவதுபோல் ஒலிக்கும். அதுவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்க அவர் எழுதிய நாலு கான்செர்டோ இசைக்கோவைகள் முந்நூறு ஆண்டுகளாக மாளிகை நூலகத்தில், அலமாரி ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. கண்டெடுத்தவன், இசை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய நான். நாலும் ஒரே கான்செர்டோதான் என்று பிராக் நகரத்துப் பேராசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். பொறாமை. மூன்றாவது கொஞ்சம் வேகமானது.

வியன்னாவில் ஒரு இசைத்தட்டு நிறுவனத்துக்கும் சேதி கசிந்துவிட்டது. இசைத்தட்டு உறையில் ‘உலகின் முதல் ஒலிப்பதிவு’ என்று போடும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. இரண்டாவதாக வருபவர் என்ன போடுவார்? பூப்படம் போடுவார். என் முப்பது வருட உழைப்புக்குப் பூப்படம் போட நான் தயாராக இல்லை.

பதிவு செய்ய ஸ்லிவென்கா ஊர்த் தேவாலயத்தைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளத்தாக்கு. கைபேசிக்கு அலையே எடுக்காது, ஒலிவாங்கியில் இரைச்சல் சேராது. மற்ற சத்தங்களை ஒவ்வொன்றாகக் கவனித்தேன். பாதிரியாரிடம் பேசிக் கோபுரக் கடிகாரத்தை நிறுத்தினேன். எதிர்வீட்டுச் சேவலை விலைக்கு வாங்கினேன்; சூப்பில் அது மிக அமைதியாக இருந்தது. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களுக்கு பியர் வாங்கித் தந்து, மலை வளைவுக்கு அப்பால் சாலையில் நிறுத்தி, டிராக்டர் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

மிஞ்சியது அபாயச் சங்கு. மாதத்தின் முதல் புதன் நடுப்பகலில் நாடு முழுக்க அதை ஊதிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. யாரும் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. எங்கள் பதிவின் கடைசி நாள் அந்தப் புதன்கிழமையில்தான் விழுந்தது. ஓரிரு நிமிடச் சத்தம்தானே என்பீர்கள். ஆனால் சங்கு ஊதினால் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பும். அவை அடங்குவதற்குள் நவம்பர் மாதத்தில் இருட்டிவிடும். விளக்குப் போட்டால் விளக்கு ரீங்காரமிடும். மாலையில் இசைக்குழுவின் பேருந்து புறப்பட்டுவிடும்.

தொண்டர்களின் தலைவர் புரோகோப்பிடம் போய்க் கேட்டேன். தேவாலய மதிலை ஒட்டி அவருடைய பிளம் சாராயக் கொட்டகை. அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் பசூன் வித்வான் விலெம் ஏற்கெனவே அங்கே கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

“டாக்டர் சார், முந்நூறு வருஷமா இந்த ஆளு பாட்டைக் கேக்கலேன்னு எவனாவது சாப்பாடு எறங்காமக் கெடந்தானா?” என்றார் புரோகோப்.

“ஒரே ஒரு நாள்தானே கேக்குறேன்.”

“ஒரு நிமிஷம்கூட முடியாது. எவன் வீட்லயாவது தீப்பிடிச்சா நீங்க அந்தக் கொழாயை ஊதி அணைப்பீங்களா?”

“நான் ஊதினா இன்னும் நல்லா எரியும்யா,” என்றார் விலெம். “நீ பேசாம இன்னொண்ணு ஊத்து.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். புரோகோப்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு நிலையத்தின் சாவி மதுக்கடை ஆணியில் தொங்கும், ஊருக்கே தெரியும். செவ்வாய் மாலை போய்ச் சங்குப் பெட்டியிலிருந்து ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புதன் நடுப்பகல் சத்தமில்லாமல் கடந்தது. அரசாங்கம் சிக்கனம் பிடிக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். புரோகோப்பின் மனைவி யர்மிலா மட்டும், “சங்கு ஊதலையே, என்னன்னு போய்ப் பாருங்க,” என்றிருக்கிறார். “இந்த அண்டா எறங்கட்டும், போறேன்,” என்றிருக்கிறார் அவர். ஆக, அலட்சியம் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஃப்யூஸை உடனே திருப்பிப் பொருத்தியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து விலெம் நன்றாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அது அடிக்கடி நடப்பதல்ல.

பிற்பகலில் மெதுவான பகுதியை எடுத்துக்கொண்டிருந்தோம். நான் தேவாலயத்தின் பக்க அறையில், காதில் ஒலிகேட்பியோடு இருந்தேன். மதில் பக்கத்து ஒலிவாங்கியில் ஏதோ வெடிப்பதுபோல் லேசாகக் கேட்டது. பிறகு ஒரு குரல். கொட்டகையில் சாராய ஆவி பற்றிக்கொண்டது என்றும், உத்தரம் விழுந்து கதவு அடைபட்டது என்றும், யர்மிலா ஓடிப்போய்ச் சங்குப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார் என்றும் பின்னால்தான் அறிந்தேன். தேவாலயத்தில் பதினெட்டு வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். என் கைக்கடியில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் இசைத்தாளில் இரண்டு பக்கம்தான் மிச்சம்.

யார் கத்தியது என்று தெரியாது என முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. மூன்றாவது தடவை அவர் “டாக்டர் சார்” என்று கூப்பிட்டார். அந்த ஊரில் வேறு டாக்டர் கிடையாது.

விலெம் கடைசிச் சுரத்தை அருமையாக விட்டார். அது கரைந்து முடியும்வரை காத்திருந்தேன். அதற்குள் வெளியே அமைதியாகிவிட்டது.

புரோகோப்பின் சவ அடக்கத்துக்கு நானும் போனேன். இசை ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். “அவரு பக்கத்துல இருந்து கேட்ட பாட்டாச்சே, அதையே போடுங்க,” என்றார் யர்மிலா. போட்டோம். நல்ல வேளையாக அதற்குள் வேண்டாத சத்தங்களை நீக்கிப் பதிவைச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். விலெம் மட்டும் என் காதருகில், “அந்த எடத்துல வெளியே ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சேப்பா?” என்றார். நாற்காலி என்றேன். வசந்தகாலத்தில் அந்தப் பதிவுக்குத்தான் பரிசு கிடைத்தது. ‘இத்தனை தூய மௌனத்தை எந்த இசைத்தட்டிலும் கேட்டதில்லை’ என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். வியன்னாக்காரர்கள் பூப்படம் போட்டார்கள்.

ஃப்யூஸைக் கழற்றியது நான். குரலைக் கேட்டதும் நான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் தயாரித்த வாக்குமூலத்தில் ஒரு தவறு இருக்கிறது, ஐயா. அதைத் திருத்தாமல் போட முடியாது. மூலப் பதிவை நான் வெட்டி ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இது வெளியே போனால் என் பெயர் கெட்டுவிடும். அந்த மெதுவான பகுதி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பதிவு. நான் எதையும் வெட்டவில்லை. அவரை மட்டும்தான் எடுத்தேன்.